பார்த்துக்கலாம்

போன வாரம் கண்மணி கதவைத் திறக்காமல் விட்டாளே, அதற்கு எனக்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "தோசை மாவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவளை வாசலிலேயே நிற்க வைப்பாளா ஒரு பொம்பளை?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. நிற்க வைத்தாள். நான் என்ன செய்ய, அவள் கோபம் அப்படி.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் கண்மணி, அவள் கணவன் முகிலன், ஹைஸ்கூல் போகும் மகள் ரோஷினி. அடுத்ததில் விஷாகாவும் அவள் கணவர் வாஞ்சிநாதனும். போன வருஷம் வாஞ்சிநாதனுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. படுக்கையறையும் குளியலறையும் மாடியில். ஏற முடியாத மனிதருக்காக விஷாகா வீட்டின் பக்கவாட்டில், தரையோடு ஓர் அறையும் வீல்சேர் நுழைகிற குளியலறையும் கட்டுகிறாள். அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. போட்ட கான்கிரீட் கண்மணியின் இடத்துக்குள் இரண்டடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டடி மண்ணுக்கா இத்தனை சண்டை என்று கேட்காதீர்கள். சண்டை மண்ணுக்கில்லை, தண்ணீருக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் புல்லுக்குள் ஒரு பள்ளம் ஓடியது. மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். கான்கிரீட் அந்தப் பள்ளத்தின் மேலேயே ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை மழைக்குத் தண்ணீர் போக்கிடம் தெரியாமல் கண்மணியின் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கியது. அங்கேதான் அவள் டேகேர் நடத்துகிறாள். பிள்ளைகள் தூங்கும் மெத்தைகள் எல்லாம் ஊறிப்போய், பெற்றோருக்கெல்லாம் ஃபோன் போட்டு, அன்றோடு டேகேருக்குப் பூட்டு.

சர்வேயர் வந்து அளந்து, ரோஸ் கலர் ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் முகிலன் மெல்ல வாயைத் திறந்தான். "விஷாகா மார்ச்சுலயே கேட்டாங்க கண்மணி. சுவர் கொஞ்சம் உங்க பக்கம் வரும் போல இருக்குன்னு. நான் பார்த்துக்கலாம்னு சொன்னேன்."

அன்றைக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் விஷாகா மாவோடு வந்தாள், கதவு திறக்கவில்லை. திங்கட்கிழமை சுவர் எழுப்ப ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை.

*

காலையில் கண்மணி கதவைத் திறந்தபோது, மாவுப் பாத்திரம் படியிலேயே இருந்தது. ராத்திரிப் புழுக்கத்தில் பொங்கி, மூடியைத் தள்ளி, பாதி படியெல்லாம் வழிந்திருந்தது. எறும்புக்கு அதற்குள் யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள்.

"கொட்டிடவா?" என்று கேட்டான் முகிலன்.

"மாவைப் போய் யாராவது கொட்டுவாங்களா? மேல வழிஞ்சதைத் துடைச்சிட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வைங்க. கோபம் அக்கா மேலதான், மாவு மேல இல்லை."

மாடிப்படியில் ரோஷினி உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட துணியில் கிளம்புவதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆர் யூ சூயிங் பெரியம்மா?"

"கேஸ் எல்லாம் இல்லைடா. லாயர்கிட்ட சும்மா கேட்டுட்டு வரப் போறோம்."

"தட்ஸ் ஹவ் இட் ஸ்டார்ட்ஸ், அம்மா."

அந்தப் பெண் விஷாகாவைப் பெரியம்மா என்று கூப்பிடுவதற்கு ஒரு கதை இருக்கிறது. அது கொஞ்ச நேரத்தில் தானாக வரும்.

*

வக்கீல் மானஸாவின் ஆபீஸ் எடிசன் என்ற ஊரில், ஒரு புடவைக்கடைக்கு மேலே. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். சர்வே வரைபடத்தை மேஜையில் விரித்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"முதல்ல இதைப் பண்ணீங்களே, அது நல்ல வேலை. நிறைய பேர் அளக்காமலே ஒரு வருஷம் சண்டை போட்டுட்டு அப்புறம்தான் என்கிட்ட வருவாங்க. அளந்து பார்த்தா தப்பு அவங்க மேலயே இருக்கும்."

"இப்ப நாங்க என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள் கண்மணி.

"சீக்கிரம் வேணும்னா டவுன்ஷிப் முனிசிபாலிட்டி. கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆபீஸ்ல கம்ப்ளெய்ண்ட் பண்ணலாம். பர்மிட்டுக்குக் குடுத்த பிளான் ஒண்ணு, கட்டற இடம் ஒண்ணுன்னா இன்ஸ்பெக்டர் வந்து வேலையை நிறுத்திடுவார். ஆனா ஒண்ணு, நிறுத்தறது ஈஸி. திரும்ப எப்ப ஆரம்பிக்க விடுவாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"வேற வழி?" என்றான் முகிலன். மடமடவென்று தண்ணீர் குடித்தான்.

"நான் ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். கேக்கலைன்னா கோர்ட். வேலையை நிறுத்துன்னு கேக்கலாம், கட்டினதை எடுன்னு கேக்கலாம், பேஸ்மென்ட் நஷ்டத்தைக் கேக்கலாம். ஆனா ரூஃப் எல்லாம் போட்டு முடிச்சிட்டா, இடிச்சுத் தள்ளுன்னு சொல்ல ஜட்ஜுக்கும் தயக்கமா இருக்கும். ரெண்டடிதானே, நஷ்ட ஈடு வாங்கிக்கோன்னு சொன்னாலும் சொல்லிடுவார். அஸ்திவாரத்தோட நிக்கறப்போ பேசறதுதான் நல்லது."

"பேசாமலே விட்டுட்டா?" முகிலன்தான் கேட்டான். வேறு யார் கேட்பார்கள்?

"இருக்கறதுலயே மோசமான ஐடியா அதுதான் சார். நாளைக்கு வீட்டை விக்கும்போது வாங்கறவங்களோட பேங்க் கேள்வி கேக்கும். ரொம்ப வருஷம், நியூ ஜெர்சில முப்பது வருஷம், கேக்காம விட்டா அது அவங்க இடம்னே கிளெய்ம் பண்ணலாம். சரி, ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட பர்மிஷன் கேட்டாங்களா?"

கண்மணி முகிலனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டாங்க," என்றாள் கண்மணி. "இவர் பார்த்துக்கலாம்னு சொன்னார்."

மானஸா பேனாவை எடுத்தாள். "அதுக்கு என்ன அர்த்தம்? எஸ்ஸா, நோவா?"

"அப்புறமா பேசுவோம்னு அர்த்தம்," என்றான் முகிலன்.

பாவம், அவன் ஊர் பொள்ளாச்சி. அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் நுழையாது. 'பார்க்கலாங்க' என்பார்கள், 'சொல்லி அனுப்பறனுங்க' என்பார்கள், ரொம்பவும் கோபம் வந்தால் 'ஆகட்டுங்க' என்பார்கள். கேட்டவர்கள்தான் வீட்டுக்குப் போய் யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

"இல்லைங்க," என்றாள் கண்மணி. "நீங்க சொல்றது 'பார்க்கலாம்'. அதுன்னா நடக்காதுன்னு அர்த்தம். 'பார்த்துக்கலாம்' வேற."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் மானஸா. "எங்கம்மா எதுக்கெடுத்தாலும் ரெண்டையும்தான் சொல்லுவாங்க."

"ஒண்ணு இல்லை மேடம். பார்த்துக்கலாம்னா..."

அங்கே நின்றுவிட்டாள் கண்மணி. அந்த வார்த்தையை யார் குரலில் கேட்டோம் என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

ரோஷினிக்கு அப்போது ஏழு மாதம். பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மென்ட்டில் இருந்தார்கள். எதிர்க்கதவு விஷாகா. கண்மணியின் அப்பா திடீரென்று போய்விட்டார். குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது, விமானத்தில் ஏற்ற முடியாது. இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று தனியாகக் கிளம்பினாள். சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போனால், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் ஐந்து மாதம் ஆனது. முகிலனுக்கோ தினமும் நியூயார்க்குக்கு ரயில். பால் மறக்காத குழந்தையை நினைத்து அவள் ஃபோனில் அழுதபோது, அந்தப் பக்கம் விஷாகா சொன்னது ஒரே ஒரு வரி. "அழாத கண்மணி. எத்தனை நாளானா என்ன, பார்த்துக்கலாம்."

பார்த்துக்கொண்டாள். பல் முளைத்ததும், முதல் வார்த்தை சொன்னதும் விஷாகாவின் வீட்டில்தான். அந்தக் குழந்தை தன்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்ததும், "நான் பெரியம்மாடி, அம்மா ஊர்ல இருக்கா" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை திருத்திக்கொண்டே இருந்தாளாம். திரும்பி வந்த அன்று குழந்தை கண்மணியிடம் வர மறுத்து விஷாகாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கண்மணியைவிட அன்றைக்கு அதிகம் அழுதது விஷாகாதான்.

"மேடம்?" என்றாள் மானஸா.

"பார்த்துக்கலாம்னா, கவலைப்படாதே, நான் இருக்கேன்னு அர்த்தம்," என்றாள் கண்மணி. குரல் உடைந்துவிட்டது. "சரிங்கறதைவிட ஒரு படி மேல."

மானஸா டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"இதையே கோர்ட்ல உங்ககிட்ட கேட்டா, இதைத்தானே சொல்லுவீங்க?"

"வேற என்ன சொல்றது?"

"அப்ப கேஸ்ல அவங்களுக்குத்தான் நீங்க சாட்சி. அனுமதி குடுத்தாங்க, அதை நம்பி அஸ்திவாரம் போட்டோம்னு சொல்லுவாங்க. இடிக்கச் சொல்றது கஷ்டமாகும். ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. அனுமதி வாங்கி இருக்கறவங்க எத்தனை வருஷம் இருந்தாலும், இடம் அவங்களது ஆகாது. சார் சொன்ன அந்த ஒரு வார்த்தை உங்களைக் கவிழ்த்திருக்கு, காப்பாத்தியும் இருக்கு."

முகிலன் முகத்தில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. கண்மணி பார்த்த பார்வையில் அது ஓடிப்போனது.

"உங்களுக்கு உண்மையிலேயே என்ன வேணும்?" என்று கேட்டாள் மானஸா. "சுவர் போகணுமா, தண்ணி போகணுமா?"

"தண்ணி போகணும்," என்றாள் கண்மணி. "அக்கா போயிடக் கூடாது."

"அப்ப ஒரு அக்ரிமென்ட் போடலாம். இடம் உங்களுதுதான், அவங்க கட்டடம் அதுல இருக்கலாம், தண்ணிக்கு அவங்க பைப் போட்டுக் குடுக்கணும். ரெண்டு வீட்டுக்கும் லோன் குடுத்த பேங்க் ஒத்துக்கணும், டவுன்ஷிப் ஒத்துக்கணும், கவுன்ட்டி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். வேலை இருக்கு, ஆனா முடியும். அதெல்லாம் ஆகற வரைக்கும் சுவர் ஏறக் கூடாது. அதை நான் நோட்டீஸ்ல சொல்லட்டுமா, நீங்க நேர்ல சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

"சொல்லுங்க. ஆனா பேசினதை உடனே எழுதி, கையெழுத்துப் போட்டுக்கோங்க. இன்னொரு பார்த்துக்கலாம் மட்டும் வேண்டவே வேண்டாம்."

*

காரில் ரூட் ஒன் ஹைவேயில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, எந்த இடத்துல வச்சு அவங்க கேட்டாங்க?" என்றாள் கண்மணி.

"அவங்க வீட்டு மாடிப்படியில."

"படியிலயா?"

"ஞாயித்துக்கிழமை. அண்ணனைக் குளிக்க வைக்க மேல ஏத்திட்டிருந்தோம். ஒரு பக்கம் அவங்க, ஒரு பக்கம் நான். அண்ணனோட வெயிட் பூரா என் தோள்ல. பாதிப் படியில, 'முகிலன், சுவர் கொஞ்சம் உங்க பக்கம் வரும் போல இருக்கு, பரவாயில்லையா'ன்னாங்க. அந்த நேரத்துல என்ன கண்மணி சொல்றது? கீழ வச்சிட்டு யோசிச்சுச் சொல்றேன்னு சொல்ல முடியுமா?"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். காபி குடித்துவிட்டு, லுங்கியை மாற்றி டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு போவான், அரை மணியில் சட்டையெல்லாம் நனைந்து வருவான். இத்தனை நாள் கோபத்தில் அதை அவள் மறந்தே போயிருந்தாள். கியர் மேல் இருந்த அவன் கைமேல் தன் கையை வைத்தாள்.

"கண்மணி, இன்னொரு விஷயம்..." என்று ஆரம்பித்தான் முகிலன்.

"எதுவா இருந்தாலும் அப்புறம் பார்த்துக்கலாங்க. முதல்ல அக்காகிட்ட போகணும்."

சொன்னது யார், எந்த வார்த்தை என்று கவனித்தீர்களா? அவள் கவனிக்கவில்லை. முகிலன் கவனித்தான், ஆனால் வாயை மூடிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதியில் மேற்கொண்டு பேசாமல் வண்டியை ஓட்டினான்.

*

மாவை வேறு டப்பாவுக்கு மாற்றி, பாத்திரத்தைக் கழுவித் துடைத்தாள் கண்மணி. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நாலு பீச் பழங்களை அதில் போட்டு எடுத்துக்கொண்டு புல்வெளியைத் தாண்டினாள்.

விஷாகா வெளியேதான் இருந்தாள், அஸ்திவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சரியாகச் சொன்னால், கண்மணியின் இடத்தில். எழுந்திருக்கவில்லை.

"கதவைத் திறக்கலை நீ," என்றாள்.

"ஆமாக்கா."

"உள்ளதான் இருந்தே. மிக்ஸி சத்தம் கேட்டுச்சு."

"இருந்தேன். திறக்கப் பிடிக்கலை."

விஷாகா சென்னைக்காரி, அவளுக்கு இந்த மாதிரி நேர்ப்பேச்சுதான் பிடிக்கும். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கண்மணி பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரோஸ் ரிப்பன் குச்சி ஒன்று அவர்கள் காலடியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா என்கிட்ட கேக்கலை? தினமும் பேசறோம். எத்தனையோ தடவை கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"சரின்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கலை." விஷாகா ஒரு பீச் பழத்தை எடுத்துக் கையில் உருட்டினாள். "உன்னால என்கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியாது. ரோஷினியை வச்சுக்கிட்டதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும். அந்த அஞ்சு மாசத்தை நான் அப்படிச் செலவு பண்ண மாட்டேன் கண்மணி. எனக்குன்னு குழந்தை இருந்தது அந்த அஞ்சு மாசம்தான். அதான் முகிலன்கிட்ட கேட்டேன். அவர்னா யோசிச்சு, வேணாம்னா வேணாம்னு சொல்லிடுவார்னு நினைச்சேன்."

கண்மணிக்குக் கண் நிறைந்தது. அதே நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

"போயும் போயும் அவர்கிட்டயா? கிரெடிட் கார்டு வேணுமான்னு ஃபோன் பண்றவன்கிட்ட முக்கால் மணி நேரம் நலம் விசாரிப்பார் அவர். அவரா வேணாம்னு சொல்லுவார்?"

விஷாகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்து அஞ்சாறு நாள்தான் ஆகியிருந்தது, அஞ்சாறு வருஷம் ஆன மாதிரி இருந்தது.

"அக்கா, இப்ப நானே நேரா சொல்றேன். இப்படியே கட்ட முடியாது."

முடியாது. சொல்லிவிட்டாள். வானம் இடியவில்லை.

"ரெண்டடி குறைச்சா உள்ள வீல்சேர் திரும்பாதுடி."

"குறைக்க வேணாம். சுவர் அங்கயே இருக்கட்டும். தண்ணிக்குப் பைப் போட்டு வழி பண்ணுங்க, மத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாம். லாயர் எழுதிக் குடுப்பாங்க. அது ஆகற வரைக்கும் திங்கட்கிழமை சுவர் வேணாம்."

"கான்ட்ராக்டர் வேற வேலைக்குப் போயிடுவான்."

"போனா இழுத்துட்டு வரலாம். என் பேஸ்மென்ட்ல குழந்தைங்க தூங்கணும்க்கா."

விஷாகா எதிர் வரிசை வீடுகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "நானே நிறுத்தறேன். ஆனா நீ டவுன்ஷிப்புக்கு மட்டும் போயிடாதே. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல வந்து நிறுத்தினாங்க, ஒரு வருஷம் அப்படியே கிடந்தது. இவர் டைனிங் ரூம்ல படுத்துட்டிருக்கார் கண்மணி. சாப்பிடற வாசனை, வர்றவங்க போறவங்க, எல்லாத்துக்கும் நடுவுல. வாய் திறந்து சொல்ல முடியலை, அவ்வளவுதான். இன்னொரு விண்ட்டரும் அங்கயே கிடன்னு என்னால சொல்ல முடியாது."

"போக மாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"ரோஷினி மேல சத்தியமா."

அங்கேயே உட்கார்ந்தபடி விஷாகா கான்ட்ராக்டருக்கு ஃபோன் செய்தாள். அந்த ஆள் கத்தியது கண்மணிக்கும் கேட்டது. விஷாகா அசரவில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் பீச் பழத்தைக் கடித்தாள்.

*

சாயங்காலம் அந்த மாவில்தான் தோசை. நன்றாகப் புளித்திருந்தது. ரோஷினி மூன்றாவது தோசைக்கு வந்துவிட்டாள். முகிலன் முதல் தோசையையே கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

"சட்னி காரமா?" என்றாள் கண்மணி.

"கண்மணி, கார்ல ஒண்ணு சொல்ல வந்தேன்ல."

"ஆமா, என்ன?"

"செவ்வாய்க்கிழமை தண்ணி வந்துச்சில்ல. மறுநாள் ஆபீஸ்ல உட்கார்ந்து டவுன்ஷிப் வெப்சைட்ல கம்ப்ளெய்ண்ட் போட்டுட்டேன்."

தோசைக்கல்லில் ஊற்றியது ஊற்றியபடி நின்றது.

"அவங்க முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியலை. டவுன்ஷிப்ல சொன்னா அவங்களே சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன். நேத்து ஃபோன் பண்ணி வாபஸ் வாங்கப் பார்த்தேன். முடியாதாம். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார்."

"ரோஷினி மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேங்க."

"என் பேரு வெளிய வராது கண்மணி. யார் போட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

ரோஷினி தட்டைத் தள்ளி வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ஆர் யூ கோயிங் டு டெல் ஹர்?" என்று மட்டும் கேட்டாள்.

கண்மணி அடுப்பை அணைத்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சொல்லாமல் விட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. இன்ஸ்பெக்டர் வருவார், எவனோ ஒரு வம்புக்காரன் போட்டுவிட்டான் என்று விஷாகா திட்டுவாள், கூடச் சேர்ந்து தானும் திட்டலாம். அப்புறம் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் காபி குடிக்க வேண்டுமே, அது தொண்டையில் இறங்குமா? செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. இந்தத் தடவை பெல் அடித்தது கண்மணி, திறந்தது விஷாகா. கையில் கஞ்சிக் கிண்ணமும் ஸ்பூனும். சிரித்துக்கொண்டே, "என்னடி, மாவு புளிச்சுப்போச்சா?" என்றாள்.

"அக்கா, திங்கட்கிழமை டவுன்ஷிப்ல இருந்து இன்ஸ்பெக்டர் வருவார். நாங்க கம்ப்ளெய்ண்ட் பண்ணியிருக்கோம்."

"நாங்கன்னா?"

"நாங்க இல்லை." பின்னாலிருந்து குரல் வந்தது. முகிலன் எப்போது வந்து நின்றான் என்று கண்மணிக்கே தெரியாது. "நான். கண்மணிக்கு இப்பதான் தெரியும். உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் ஒளிஞ்சு நின்னு சொன்னேன். தப்புதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சுற்றி வளைக்காமல் பேசி கண்மணி கேட்டது அன்றுதான்.

விஷாகாவின் முகத்தைவிட்டுச் சிரிப்பு இறங்கிப் போனது. அவள் தோளுக்குப் பின்னால் டைனிங் ரூம் தெரிந்தது. சாப்பாட்டு மேஜை இருக்க வேண்டிய இடத்தில் கட்டில், அதில் தலையணைகளுக்குச் சாய்ந்து வாஞ்சிநாதன். வாசலில் நிற்பது முகிலன் என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி வாயில் சிரிப்பு வந்தது. நல்ல கையைத் தூக்கி, வா வா என்று ஆட்டினார்.

முகிலன் தலையைக் குனிந்துகொண்டான்.

விஷாகா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் முகிலனிடம். "எப்பவும் வர்ற நேரத்துக்கு வந்துடுங்க. நான் ஒருத்தியா ஏத்த முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, கணவருக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி ஊட்டினாள். அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கதவைச் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கண்மணி ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் படியிலேயே நின்றாள்.